குட்டி நாய்களின் கெட்ட பழக்கங்களை ஆரம்பத்திலேயே திருத்துவது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வெண்ணாறு (நீடாமங்கலம்)

சம்பா அறுவடை முடிந்து வாத்துக் கூட்டம் தாளடியில் இறங்கியிருந்த நாட்களில் நடந்தது இது. இன்னமும் மனத்தை உறுத்துகிறது. எங்கள் வீட்டுக் குட்டி சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு. கொல்லையில் கோழியைத் துரத்தும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டுவார்கள்; பெரியவர்கள் வேட்டை ரத்தம் என்று பெருமை பேசுவார்கள். அன்று கயிறு இல்லாமல் வரப்பில் என் பின்னால் வந்த குட்டி, நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுப்பதற்குள் கூட்டத்தின் நடுவே பாய்ந்தது. வாத்துகள் வாய்க்காலை நோக்கிச் சிதறின. ஒன்றைக் கழுத்தோடு கவ்விக்கொண்டு நேராகப் பிள்ளைகளிடம் வந்து, அவர்கள் காலடியில் போட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. யாரும் கைதட்டவில்லை என்பது அதற்குப் புரியவேயில்லை. வாத்துக்காரருக்கு உரிய விலையைக் கொடுத்து, நாயை நன்றாகக் கண்டிக்கிறேன் என்று சொன்னேன். அவர் பணத்தை மடியில் செருகிக்கொண்டே, "கை தட்டுனது யாரு தம்பி? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார்.

இப்போது நீளக் கயிற்றில்தான் வயலுக்கு அழைத்துப் போகிறேன். வளர்ந்த பிறகு இந்தத் துரத்தல் முழுமையாக நின்றதைக் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

குடமுருட்டிக்கரை (பாபநாசம்)

துரத்தலைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்கு வாய்த்தது உறுமல். சோற்றுத் தட்டில் வாய் வைத்தவுடன் குட்டியின் உடம்பு முழுவதும் ஒரு கணம் கல்லாக இறுகும். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்புவதால் விழியின் வெள்ளை பிறையாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் உறுமல் வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தால் பயம் வரும், அடங்கிவிடும் என்றார். அதைச் செய்த வாரத்தில் உறுமல் நின்றது. உறுமாமலே கடிக்க வந்தது.

எங்கள் அப்பாயி யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். குட்டி சாப்பிடும்போது எட்டவே நின்று, கருவாட்டுத் தலையில் ஒரு துணுக்கைத் தட்டுக்குள் வீசிவிட்டுப் போய்விடுவார். நிற்க மாட்டார், தடவ மாட்டார். நாளாக ஆக, அவருடைய காலடிச் சத்தம் கேட்டாலே குட்டி தட்டை விட்டு முகத்தைத் தூக்கி வாலாட்டத் தொடங்கியது. பக்கத்தில் வருகிறவர் பறிக்க வரவில்லை, கொடுக்க வருகிறார் என்பது அதற்கு விளங்கிவிட்டது. செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினாலும் இதே வழிதான். துரத்தாமல், அதைவிடப் பிடித்த ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்கிறோம்.

சிவப்புத் தரை (கும்பகோணம்)

ஐப்பசி அடைமழையில் வந்த குட்டி. வாசலில் தண்ணீர், கொல்லையில் சேறு. ஆகவே கூடம்தான் அதற்குக் கழிவறை. வீட்டுப் பெரியவர் அதன் மூக்கைச் சிறுநீரில் தேய்த்து, சுருட்டிய செய்தித்தாளால் முதுகில் அடிப்பார். சில நாட்களில் கூடம் சுத்தமாயிற்று, குட்டி கற்றுக்கொண்டுவிட்டது என்று அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. பிறகு ஒருநாள் அரிசி டிரம்மை நகர்த்தியபோதுதான் நாற்றம் குடலைப் பிடுங்கியது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையில் குடையோடு நின்றால் அது என்னைப் பார்த்துக்கொண்டே அடக்கிக்கொள்ளும். உள்ளே வந்ததும் டிரம்முக்குப் பின்னால் ஓடும். வீட்டுக்குள் சிறுநீர் போகக்கூடாது என்பதை அது கற்கவில்லை, மனிதர் கண்ணெதிரே போகக்கூடாது என்பதைத்தான் கற்றிருந்தது. அந்தப் பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே தூக்கிக்கொண்டு போய், சிறுநீர் போன அந்த நொடியிலேயே ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்துத்தான் மீட்டோம். பினாயில் ஊற்றித் துடைத்தால் நமக்கு வாசனை மாறுகிறதே தவிர, நாயின் மூக்குக்குப் பழைய இடம் அப்படியே இருக்கிறது. நொதி கலந்த துப்புரவுத் திரவம் வாங்கித் துடைத்த பிறகுதான் அந்த மூலையை அது கைவிட்டது.

களத்துமேடு (மன்னார்குடி)

மேலே நீடாமங்கலத்துக்காரர் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. கைதட்டியதால்தான் துரத்தியது என்பது பாதி உண்மை. சிப்பிப்பாறை பார்வையால் வேட்டையாடும் இனம். அசைகிற எதையும் துரத்துவது அதற்குள் ஊறியது, யாரும் தட்டாவிட்டாலும் துரத்தியிருக்கும். அதை முழுவதுமாக நிறுத்த முடியாது, கூப்பிட்டால் திரும்பி வரும் பழக்கத்தைத்தான் வலுவாக்க முடியும். பாபநாசத்து அம்மாவின் அப்பாயி செய்ததை மட்டும் மறுப்பில்லாமல் ஏற்கிறேன்.

என்னுடைய கதை சிறியது. தாயிடமிருந்து ஐந்தாவது வாரத்திலேயே பிரித்து அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்த குட்டி, விளையாட்டாகக் கடித்தபோது என் மகளின் புறங்கையில் ரத்தம் துளிர்த்தது. கடித்ததும் குட்டி விடவில்லை, அவள் வீறிட்டதைக் கேட்டு இன்னும் அழுத்தியது. அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது கூடப்பிறந்த குட்டிகளிடமிருந்துதான். ஒன்று கத்தினால் விளையாட்டு நின்றுவிடும், அதுவே பாடம். ஆகவே எட்டு வாரம் ஆவதற்கு முன் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்படி வந்துவிட்டதென்றால் அந்தப் பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும்: பல் அழுந்தியதும் கத்தாமல், கையை உதறாமல், எழுந்து அடுத்த அறைக்குப் போய் அரை நிமிடம் கழித்துத் திரும்ப வேண்டும். வாயைப் பொத்துவதும் தாடையில் தட்டுவதும் விளையாட்டைச் சூடாக்கும், அல்லது கையைக் கண்டாலே பயப்பட வைக்கும். பால்பற்கள் 28, நான்காவது மாதவாக்கில் விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு அரிப்பதால் எதையாவது மென்றே தீரும். ரப்பர் பொம்மையோ, நனைத்து முறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்த பழைய துணியோ கொடுத்தால் கட்டில் கால் தப்பும்.

இன்னொன்று. மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் நாய் உலகம் என்று ஏற்றுக்கொள்கிறது. தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் விடக்கூடாது என்பது பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்குப் பயந்து மருத்துவர்கள் சொல்வது, சரியானதே. ஆனால் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா? அறுவடை இயந்திரம், பறைமேளம், குடை பிடித்தவர், தலைச்சுமைக்காரர் ஆகியோரைத் தோளில் இருந்தபடியே பார்த்த குட்டி, பெரிதான பின் தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒடுங்குவது குறையும்.

கடைசியாக, குட்டிதானே என்று பல் பட்ட காயத்தை விடாதீர்கள். குட்டிக்கும் ரேபிஸ் வரும், அதற்கு முதல் ரேபிஸ் ஊசி போடுவதே மூன்று மாத வயதில்தான். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். என் மகளை அன்று மாலையே கூட்டிப் போனேன்.

சிவப்புத் தரை (கும்பகோணம்)

ஐயா, அரை நிமிடம் அடுத்த அறைக்குப் போகச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் கூடம் ஒன்று, சமையலறை ஒன்று. திரும்பி நின்று கையைக் கட்டிக்கொண்டாலும் அதே பலன் கிடைக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழங்காவேரி (மயிலாடுதுறை)

மேலே தாவுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். குட்டியாக இருந்தபோது முழங்கால் வரைக்கும்தான் எட்டும், எல்லாருக்கும் அது செல்லம். ஏழு மாதத்தில், பள்ளிக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுச் சிறுமியின் வெள்ளைச் சட்டையில் இரண்டு கால்களையும் ஊன்றி அவளைத் திண்ணைப் படியில் சாய்த்தது. அவளுக்குக் காயம் இல்லை. ஆனால் அன்று முதல் எங்கள் வாசலைத் தவிர்த்து, எதிர்ச்சாரியில் சுவரை ஒட்டி நடக்கிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தாவினால் முதுகைக் காட்டுவது, நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டும் குனிந்து தடவுவது என்று வீட்டில் அனைவரும் முடிவு செய்தோம். என்னிடமும் கணவரிடமும் பிள்ளைகளிடமும் தாவுவதை நாய் விட்டுவிட்டது. ஆனால் வயலிலிருந்து திரும்பும் மாமனார், மார்பில் காலைப் போட்டால்தான் அது தன்னை மதிக்கிறது என்கிறார். சில வேளைகளில் தாவவும் சில வேளைகளில் தாவாதிருக்கவும் பழகிய நாய், புதிதாக வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒருமுறை தாவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள நினைக்கிறது. களத்துமேடு ஐயாவுக்கு நாயைப் பற்றித் தெரிந்த அளவு மாமனார்களைப் பற்றியும் தெரிந்திருந்தால் தயவுசெய்து எழுதவும். அந்தச் சிறுமியின் அம்மாவுக்கு நான் இன்னும் புதுச் சட்டை வாங்கிக் கொடுக்கவில்லை, இந்த வாரம் கொடுத்துவிடுவேன்.