வெள்ளைப்போள மரம் இலை கொட்டுகிறது, தண்ணீர் கூட்டணுமா?

முள்மரம்:
மணப்பிசின் தரும் வெள்ளைப்போளம் (மிர்), ஒன்றரை அடி உயரச் செடி, எட்டு அங்குல பிளாஸ்டிக் தொட்டி. தோட்ட மண்ணும் தேங்காய் நார்த்தூளும் பாதிக்குப் பாதி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். இப்போது இரவில் 14 டிகிரி வரை இறங்குகிறது. இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. தண்ணீர் போதவில்லையா? இதிலிருந்து போத்து (நட்டு வளர்க்கும் கிளைத்துண்டு) எடுக்கலாமா? பிசின் எப்போது வரும்?

வறள்நிலம்:
கூட்டாதீங்க, இன்றே நிறுத்துங்க. சோமாலியா, எத்தியோப்பியா, ஏமன், ஓமன் பக்கத்துக் கல்லாங்காட்டில் வளரும் மரம் இது. குளிரோ வறட்சியோ வந்தால் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக உறங்கும். இலை இல்லாத மரம் தண்ணீர் இழுக்காது. ஊற்றுவதெல்லாம் வேரைச் சுற்றித் தேங்கி அழுகல்தான் வரும்.

முதலில் மண்ணையொட்டி அடித்தண்டை விரலால் அழுத்துங்க. கல் மாதிரி இருந்தால் பயமில்லை. காகிதம் போல உரியும் மேல்தோலுக்கு அடியில் நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரியணும். பழுப்பாக, கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தால் அழுகல். உடனே பிடுங்கி, சுத்தமான கத்தியால் நல்ல கட்டை தெரியும்வரை கறுத்ததை வெட்டணும். நிழலில் ஒரு வாரம் காயவைத்து, காய்ந்த கலவையில் நட்டு, அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான் தண்ணீர்.

தண்டு கெட்டியாக இருந்தால் துளிர் விடும்வரை சும்மா விடுங்க. சின்னச் செடி என்பதால் மாதம் ஒரு முறை வேர் நனையும் அளவுக்குக் கொஞ்சம் போதும். 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுத்து வையுங்க.

கல்லும்மண்ணும்:
அவர் சொன்னது சரி, ஆனால் மூல காரணம் கலவை. நார்த்தூள் மேலே காய்ந்த மாதிரி காட்டும், நடுவில் ஈரம் நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு 3–6 மி.மீ. சரளையோ பியூமிஸ் என்ற நுண்துளை எரிமலைக் கல்லோ (தூசியைச் சலித்து எடுத்துவிடணும்), மீதி தோட்ட மண், ஒரு கைப்பிடி மக்கிய உரம். மண் தொட்டி நல்லது. அழுகல் இல்லையென்றால் இப்போது மாற்ற வேண்டாம், மொட்டு புடைக்கும்போது மாற்றுங்க.

இலை வந்தபின் கஞ்சத்தனம் வேண்டாம். அடித் துளை வழியாக ஓடும்வரை ஊற்றி, மேல் இரண்டு அங்குலம் காய்ந்ததும் மறுபடி ஊற்றலாம். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். தழைச்சத்து அதிகமானால் கிளை நீண்டு தொய்யும். பாதி வீரியத்தில் மாதம் ஒரு முறை உரம் போதும்.

போத்துக்காரர்:
போத்து இப்போது வேண்டாம். துளிர்க்கப்போகும் சமயத்தில், தாய்ச்செடி கெட்டியாக இருந்தால் மட்டும் எடுங்க. பென்சிலைவிடக் கனமான முதிர்ந்த கிளையில் 20–25 செ.மீ. வெட்டி, வெட்டுவாய் காய்ந்து மூடும்வரை பத்து நாள் நிழலில் கிடக்கணும். பிறகு லேசான ஈரமுள்ள பருமணலில் 6–8 செ.மீ. ஆழம். வேருக்கு முன்னாலேயே இலை வந்துவிடும். அதை நம்பித் தண்ணீரைக் கொட்டுவதில்தான் பெரும்பாலும் அழுகும். இழுத்துப் பார்க்கவும் கூடாது. அடி பருத்த மரம் வேணும் என்றால் விதைதான் வழி, அதுவும் புதிய விதை, சதையை நீக்கி விதைக்கணும்.

பிசினுக்காகக் கீறாதீங்க. முதிர்ந்த மரத்தில்தான் அதை வடிப்பார்கள். இந்த வயதில் ஒவ்வொரு காயமும் வளர்ச்சியைப் பறிக்கும். கவாத்து செய்யும்போது மஞ்சளாகக் கசிந்து செம்பழுப்பாக இறுகுவதே அது, அப்படியே விடுங்க.

துளிர்த்ததும் இலைக்கணுவைப் பாருங்க. வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஒரு வாரத்தில் மறுபடி துடைங்க. முள் ஆழமாகக் குத்தும், கையுறை போட்டுக்குங்க.