ஸ்கீட்: நான்காம் நிலையில் ஒரு தட்டும் உடையவில்லை

கல்லடிக்காரன்:
மெல்பேணில் அண்ணாவிடம் போயிருந்தபோது ஸ்கீட் சுட அழைத்துச் சென்றார், அதாவது பறக்கும் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டு. 25 தட்டுகளில் நான் உடைத்தவை நான்கு. நான்காம் நிலையில், அதாவது நின்று சுடும் நான்காவது இடத்தில், ஒன்றுகூட இல்லை. சத்தியமாகத் தட்டின் மீதுதான் குறிவைத்தேன்! அடுத்த மாதம் மறுபடி போகிறேன். அதற்குள் என்ன பழகலாம்?

அக்கரைப்பற்று வாசி:
தம்பி, தட்டின் மீது குறிவைத்ததுதான் பிழை. சன்னங்கள் போய்ச் சேரும்போது தட்டு அங்கே இருக்காது. வாவியில் வீச்சுவலை எறிபவர் மீன் ஓடும் திசைக்கு முன்னால் அல்லவா எறிகிறார்? நான்காம் நிலையில் தட்டு குறுக்காகப் பறக்கிறது. தட்டுக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல் முன்னே குறிவையுங்கள். சுட்ட பிறகும் துப்பாக்கி தட்டோடு நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். தோஹாவில் வேலை செய்த காலத்தில் ஆறு மாதம் நான் அதை நிறுத்தி நிறுத்தியே தோற்றேன்.

கல்லடிக்காரன்:
நன்றி அண்ணா. இடது கண்ணை மூடித்தான் சுட்டேன். அதுவும் பிழையா?

அக்கரைப்பற்று வாசி:
இரண்டும் திறந்திருந்தால்தான் வேகமும் தூரமும் பிடிபடும். ஆனால் உங்களுக்கு எந்தக் கண் மேலோங்கியது, அதாவது குறிபார்ப்பதில் எது முந்துகிறது என்று முதலில் பாருங்கள். துப்பாக்கிதான் கன்னத்துக்கு வரவேண்டும், கன்னம் அதைத் தேடிக் குனியக்கூடாது. இதை வீட்டில் தும்புத்தடியை வைத்தே பழகலாம். என் மனைவி சிரித்தாள், சிரிக்கட்டும்.

வாழைச்சேனை அக்கா:
காதடைப்பானும் கண்ணாடியும் மறக்க வேண்டாம் தம்பி. களிமண் தட்டு என்பார்கள். உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளும் தார்ப்பிசினும் கலந்தது. எட்டாம் நிலையில் சில்லுகள் தலைமேலேயே கொட்டும்.