ஏரிக் கப்பல்களுக்கு ஏன் இத்தனை நீண்ட ஆயுள்?

கேள்வி:
வணக்கம். கடலில் ஓடும் சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் 25, 30 ஆண்டுகளில் உடைக்கப்பட்டுவிடும்போது, வட அமெரிக்கப் பேரேரிகளில் 1952இல் ஓடத் தொடங்கிய ஆர்தர் எம். ஆண்டர்சன் போன்ற கப்பல்கள் எழுபது வயதைத் தொடுவது எப்படி?

மறுமொழி 1:
முதற்காரணம் நன்னீர், உப்பு இல்லாததால் இரும்பை துரு மெதுவாகவே அரிக்கிறது. செயின்ட் மேரிஸ் சாலஞ்சர் என்ற ஏரிக் கப்பல் 1906 முதல் 2013 வரை தன் சொந்த இயந்திரத்திலேயே ஓடியது. மேலும், சுப்பீரியர் ஏரியையும் ஹியூரன் ஏரியையும் இணைத்து, கப்பல்களைச் சுமார் 21 அடி ஏற்றி இறக்கும் சூ நீர்ப்பூட்டுகள் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 25 வரை மூடப்படுவதால், பழுதுபார்க்க ஆண்டுதோறும் அவகாசம் கிடைக்கிறது.

மறுமொழி 2:
நண்பர் சொன்னது சரி; ஆனால் பணியாளர்களுக்கு ஓய்வு குறைவு. சரக்கறையின் சரிந்த அடித்தளத்திலுள்ள கதவுகளைத் திறந்தால், ஏற்றி வந்த இரும்புத் தாது கீழே ஓடும் பட்டையில் விழுந்து, மேல்தளத்து நீண்ட கரம் வழியாகத் தானே கரையில் கொட்டிவிடும். கரையில் பாரந்தூக்கி தேவையில்லை. சில மணி நேரத்தில் மீண்டும் பயணம். 105 அடி அகலக் கப்பலை சூ நீர்ப்பூட்டுகளில் ஒன்றான, 110 அடி அகலமுள்ள ‘போ’ (Poe) நீர்ப்பூட்டுக்குள் செலுத்துவதைக் கைத்திறனின் உச்சம் என்றே கருதுகிறேன்.

மறுமொழி 3:
நவம்பர் புயல்களையும் மறக்கலாகாது. 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் 29 பேருடன் சுப்பீரியரில் மூழ்கியபோது, பின்னால் வந்து பாதுகாப்பான விரிகுடாவை அடைந்திருந்த அதே ஆண்டர்சன், அவர்களைத் தேடி அந்தப் புயலுக்குள் திரும்பிச் சென்றது.