'குறுக்கு மேற்கோள்' வேண்டாம்: கேப்ஷனுக்கும் கிராஸ் ரெஃபரன்ஸுக்கும் சொல் தேடல்

மடல் 1, வெள்ளவத்தை

வணக்கம்.

நமது கணினித் தமிழ்ச் சொற்றொகுதியில் 'நீண்ட ஆவணங்கள்' பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. இரண்டு சொற்கள் மட்டும் இழுபடுகின்றன: கேப்ஷன் (படத்தோடும் அட்டவணையோடும் எண்ணிட்டு நிற்கும் வரி), கிராஸ் ரெஃபரன்ஸ் (அதே ஆவணத்தின் இன்னோர் இடத்தைப் பார்க்கச் சொல்வது). வரைவில் 'தலைப்பு', 'குறுக்கு மேற்கோள்' என்று கிடக்கின்றன. இரண்டையும் தூக்கிவிட வேண்டும் என்பது என் பக்கம்.

'தலைப்பு' ஏற்கெனவே ஹெடிங்குக்குப் போய்விட்டது. கேப்ஷனுக்கும் அதையே கொடுத்தால், "தலைப்புக்குக் கீழே அட்டவணையின் தலைப்பை இடுக" என்று ஒரு வசனம் எழுத வேண்டி வரும். எழுதுபவருக்கே அது விளங்காது. பத்திரிகைக்காரர்களின் 'படக்குறிப்பு', 'படவிளக்கம்' நல்ல சொற்கள். ஆனால் அட்டவணைக்கும் சமன்பாட்டுக்கும் கேப்ஷன் உண்டே, அங்கே படம் எங்கே இருக்கிறது?

'குறுக்கு மேற்கோள்' இன்னும் மோசம். மேற்கோள் என்றால் இன்னொருவர் சொன்னதை எடுத்தாள்வது. "உம்முடைய ஆய்வேட்டில் மேற்கோள்கள் பிழை" என்று மேற்பார்வையாளர் எழுதினால், மாணவர் நேரே உசாத்துணைப் பட்டியலுக்குப் போவார். உடைந்து கிடப்பதோ 46ஆம் பக்கத்தில் "உரு 4ஐப் பார்க்க" என்ற இடம். 'குறுக்கு' ஆங்கிலத்தைப் பார்த்துப் போட்டது. குறுக்கு விசாரணையில் குறுக்கே ஒருவர் வருகிறார், குறுக்கெழுத்தில் சொற்கள் குறுக்கே போகின்றன. இங்கே எது எதைக் குறுக்கறுக்கிறது?

கேப்ஷனுக்கு 'விளக்கவரி' என்கிறேன். அதன் உறுப்புகள் மூன்று: வகைப்பெயர் (உரு, அட்டவணை, சமன்பாடு), எண், விளக்கம். நமது பாடநூல்கள் 'உரு 2.3' என்று போடுவதால் நானும் உரு என்கிறேன். தமிழ்நாட்டவர் 'படம் 2.3' என்பார்கள். அதில் சண்டை வேண்டாம், வகைப்பெயரை அவரவர் மாற்றிக்கொள்ளலாம்.

கிராஸ் ரெஃபரன்ஸுக்குப் புதுச்சொல் ஆக்கத் தேவையில்லை, பழையது இருக்கிறது: மாட்டேறு. "லகார இறுதி னகார இயற்றே" என்று தொல்காப்பியம் ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகிறது. னகரத்துக்குச் சொன்ன விதியை இங்கே கொண்டுவந்து மாட்டிக்கொள் என்பது அதன் பொருள். நன்னூலின் 32 உத்திகளில் 'மாட்டெறிந்து ஒழுகல்' ஒன்று. 'உரைத்தும் என்றல்' (பிறகு சொல்வோம்), 'உரைத்தாம் என்றல்' (முன்பே சொன்னோம்) என்று இரண்டு திசைக்கும் தனித்தனியே உத்தி வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாம் ஏன் குறுக்கே போக வேண்டும்?

மடல் 2, கொட்டாஞ்சேனை

> பழையது இருக்கிறது: மாட்டேறு

ஐயா, சொல் அழகுதான். ஆனால் பாவிப்பவர்கள் அதை 'மாட்டு' என்று சுருக்குவார்கள். பிறகு மெனுவில் 'மாட்டுப் பட்டியல்', 'மாட்டைப் புதுப்பி' என்று வரும். கால்நடை அபிவிருத்தி அறிக்கை என்று நினைத்து மூடிவிடுவார்கள்.

சொல் எதுவாக இருந்தாலும், உள்ளே நடப்பதற்கு முரணாக இருக்கக் கூடாது. அதனால் வேர்டில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரெஃபரன்ஸஸ் தாவலில் இன்சர்ட் கேப்ஷன் கொடுத்தால் வரும் எண், தட்டச்சிட்ட எண் அல்ல. அது எஸ்-ஈ-கியூ (SEQ) என்ற புலம் (ஃபீல்ட்), அதாவது வேர்ட் தானே கணக்கிட்டு நிரப்பும் இடம். ஆல்ட்டோடு எஃப்9 அழுத்தினால் அதன் வயிறு தெரியும். அதற்குள் வகைப்பெயர் ஒரு அடையாளமாக இருக்கிறது. கோப்பில் அதே அடையாளம் இதற்கு முன் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, அடுத்த எண்ணைப் போடுகிறது. கிராஸ் ரெஃபரன்ஸ் கொடுத்ததும், அந்த விளக்கவரியில் "உரு 4" என்ற துண்டைச் சுற்றி மறைவான ஒரு புக்மார்க் (இடக்குறி) விழுகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் ரெஃப் (REF) என்ற புலம் விழுகிறது. அது படத்தைச் சுட்டுவதில்லை. புக்மார்க்குக்குள் என்ன எழுத்து இருக்கிறதோ அதைப் பிரதியெடுக்கிறது. வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தால்தான்.

விளக்கவரியை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினால் புக்மார்க்கும் சேர்ந்து போய்விடும். திரையில் "உரு 4" பழையபடி நிற்கும், ஏனென்றால் புலம் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. 'அச்சிட முன் புலங்களைப் புதுப்பி' என்ற தெரிவு போட்டிருந்தால், அச்சிடும் நேரத்தில்தான் "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நொட் ஃபவுண்ட்" என்று தடித்த எழுத்தில் வரும். திரையில் சரி, தாளில் பிழை என்று அடித்துக்கொள்வது இதனால்தான்.

இன்னொன்று, விளக்கவரியின் முதல் எழுத்துக்கு முன்னால் கேர்சரை வைத்து, அதே பந்தியில் படத்தை ஒட்டுவது. புக்மார்க் வீங்கி, படத்தையும் விழுங்கிக்கொள்ளும். அடுத்த முறை புலத்தைப் புதுப்பிக்க எஃப்9 அழுத்தினால், "உரு 4 காட்டுவது போல" என்ற வசனத்தின் நடுவில் முழுப் படமும் வந்து உட்காரும். படத்துக்குத் தனிப் பந்தி, விளக்கவரிக்குத் தனிப் பந்தி. படம் 'இன் லைன்' ஆக, அதாவது மிதக்காமல் எழுத்தைப் போல வரியோடு, இருக்கட்டும். படத்தின் பந்திக்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' (அடுத்த பந்தியோடு சேர்த்து வை) போட்டால் விளக்கவரி தனியே அடுத்த பக்கத்துக்கு ஓடாது. அட்டவணைக்கு விளக்கவரி மேலே வருவதால், அங்கே அதைப் போட வேண்டியது விளக்கவரிக்கு.

கொழும்பில் அடிக்கடி வருவது மொழிபெயர்ப்புக் கோளாறு. ஆங்கில அறிக்கையின் மேலேயே தமிழைத் தட்டுகிறோம். விளக்கவரியில் 'ஃபிகர்' என்ற சொல்லை 'உரு' என்று மாற்றுகிறார்கள். புலத்துக்குள்ளோ அடையாளம் இன்னும் 'ஃபிகர்' தான். அதுவரை எண் ஒழுங்காக ஓடும். பிறகு தமிழில் மட்டும் ஒரு படம் கூடுகிறது. நியூ லேபிள் கொடுத்து 'உரு' என்று ஒரு வகைப்பெயர் ஆக்கி, விளக்கவரி இடுகிறார்கள். அது 'உரு 1' என்று வரும். கண்ணுக்கு எல்லாம் உரு, கோப்புக்குள் இரண்டு வரிசை. உருப் பட்டியல் எடுத்தால் ஒரு வரிசை மட்டும் வரும், மற்றது காணாமல் போகும். மருந்து: ஆல்ட் எஃப்9 அழுத்திப் புலங்களைத் திறந்துவிட்டு, கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் 'எஸ்-ஈ-கியூ ஃபிகர்' என்பதை 'எஸ்-ஈ-கியூ உரு' என்று (ஆங்கில எழுத்தில் உள்ளபடியே தேடி) எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். மறுபடி ஆல்ட் எஃப்9, பிறகு கன்ட்ரோல் ஏ, எஃப்9. உருப் பட்டியலைப் புதிய வகைப்பெயரில் திரும்ப இட வேண்டும்.

உரைப்பெட்டிக்குள் இருக்கும் விளக்கவரிகளைக் கன்ட்ரோல் ஏ தொடாது. மிதக்கும் படத்துக்குக் கேப்ஷன் கொடுத்தால் அது உரைப்பெட்டிக்குள்தான் விழும். படத்தை இன் லைனாக வைக்கச் சொல்வதற்கு இரண்டாவது காரணம் இது.

பாமினியில் (ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துரு) வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். பாமினியில் 'படம்' என்று தட்டினால் உள்ளே இருப்பது மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். கேப்ஷன் பெட்டியும் கிராஸ் ரெஃபரன்ஸ் பெட்டியும் தங்கள் எழுத்துருவில்தான் காட்டும், ஆகவே பட்டியல் முழுக்கக் குப்பையாகத் தெரியும். எந்த உரு எது என்று குருட்டாம்போக்கில் தெரிவு செய்ய வேண்டி வரும். யூனிகோடுக்கு மாற்றாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சொல்லுக்கு வருகிறேன். 'உட்சுட்டு' எப்படி? ஆவணத்துக்கு உள்ளேயே சுட்டுவது. வெளியே இருப்பதைக் காட்டுவது மேற்கோள், உசாத்துணை. பிரிவு பளிச்சென்று தெரிகிறது. "உட்சுட்டு உடைந்துவிட்டது", "உட்சுட்டுகளைப் புதுப்பி" என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.

விளக்கவரியில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை. வற் வரி 18 வீதத்தில் நிற்கும் ஊரில் இன்னொரு வரியா?

மடல் 3, பம்பலப்பிட்டி

தம்பியின் 'உட்சுட்டு' எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இதை யாரும் 'அகச்சுட்டு' என்று அழகுபடுத்தப் போக வேண்டாம். 'அவன்' அகச்சுட்டு, 'அவ்வீடு' புறச்சுட்டு என்று பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். உட்சுட்டு அங்கே இல்லை, ஆகவே மோதாது.

ஆனால் நீங்கள் இருவரும் தொடாத ஒன்று வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பிறகு ஒன்றும் ஒட்டுவதில்லை. நமக்கு ஐ, இல், இற்கு, ஆல் எல்லாம் எண்ணின் வாலில். 'படம்' என்று வைத்தால் இன்னும் சிக்கல்: "படத்தில்" ஆக வேண்டியது, புலத்துக்குள் "படம் 3" என்று இறுகிக் கிடக்கிறது. உருபு புலத்துக்கு வெளியே நிற்க வேண்டும். சிலர் புலத்துக்குள் புகுந்து "உரு 3இல்" என்று திருத்துகிறார்கள், அடுத்த எஃப்9 அதைத் துடைத்துவிடுகிறது.

நம் வழக்கப்படி "3 இல்" என்று இடம்விட்டு எழுதினால், வரி முறியும் இடத்தில் 'இல்' மட்டும் அடுத்த வரியின் தலையில் அநாதையாக நிற்கும். எண்ணோடு ஒட்டியே எழுதலாம். "உரு" வுக்கும் எண்ணுக்கும் நடுவே கன்ட்ரோல், ஷிஃப்ட், இடவெளி விசை மூன்றையும் சேர்த்து அழுத்தி முறியா இடைவெளி போடலாம். அதை விளக்கவரியிலேயே போட்டுவிட்டால், உட்சுட்டு பிரதியெடுக்கும்போது அதுவும் கூடவே வரும்.

உருபே தேவைப்படாத வசனம் அதைவிட நல்லது. "உரு 3 காட்டுவது", அல்லது வசன முடிவில் அடைப்புக்குறிக்குள் வெறும் (உரு 3). "3ஆம் உருவில்" என்றுதான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு எண் மட்டும் வேண்டும். லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் கிராஸ் ரெஃபரன்ஸ் பெட்டியிலேயே 'நம்பரிங்' என்று அதற்குத் தெரிவு இருக்கிறது. வேர்டில் கேப்ஷனுக்கு அது இல்லை. விளக்கவரியில் எண்ணை மட்டும் தெரிவு செய்து புக்மார்க் ஒன்று போட்டு, அந்த புக்மார்க்கைச் சுட்ட வேண்டும்.

ஹங்கேரிய மொழியில் 'அ', 'அஸ்' என்று இரண்டு சுட்டிடைச்சொற்கள். எண்ணை வாசிக்கும்போது முதல் ஒலி உயிரா மெய்யா என்று பார்த்து ஒன்றைப் போட வேண்டும். எண் மாறினால் இதுவும் மாறும். லிப்ரே ஒஃபிஸ் அதைத் தானே பார்த்துப் போடுகிறது, அவர்கள் கேட்டுச் செய்வித்துக்கொண்டார்கள். நாமும் உருபுக்கு ஒன்று கேட்கலாம். கேட்பதற்கு முதலில் சொல் வேண்டும், அதனால் இந்த விவாதம் வீண் இல்லை.

மடல் 4, வெள்ளவத்தை

மாட்டேறை விட்டுக்கொடுக்கிறேன், மாடுதான் வென்றது. பதிவில் 'ஒப்பு நோக்குக: மாட்டேறு' என்று ஓர் ஓரத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

விளக்கவரி நிற்கட்டும். "உருவின் வரி", "அட்டவணையின் வரி" என்று பேச்சில் சுருங்கினாலும் பொருள் கெடவில்லை. கேப்ஷன் இரண்டு மூன்று வரி ஓடுமே என்றால், முகவரி என்ன ஒரே வரியா?

பதிவு இப்படிப் போகிறது:

விளக்கவரி: உரு, அட்டவணை, சமன்பாடு ஆகியவற்றோடு நிற்கும் வரி. வகைப்பெயர், தானாக ஓடும் எண், விளக்கம் என மூன்று உறுப்பு. எண்ணைக் கையால் இட்டால் அது விளக்கவரி ஆகாது, வெறும் எழுத்து.

உட்சுட்டு: ஒரே ஆவணத்துக்குள் இன்னொரு இடத்தின் எண்ணையோ பெயரையோ பிரதியெடுத்துக் காட்டும் புலம். மூலம் மாறினால் புதுப்பித்தபின் தானும் மாறும். பெயர்: உட்சுட்டு, உட்சுட்டுகள். வினை: உட்சுட்டு இடு. நிலை: உடைந்த உட்சுட்டு.

கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்ன இரட்டை வரிசைக் கோளாற்றையும் குறிப்பாகச் சேர்க்கிறேன். மும்மொழி அறிக்கைக்கு ஒரு சோதனை கூடும்: மூன்று கோப்பிலும் உருப் பட்டியல் எடுத்து, கடைசி எண் ஒன்றுதானா என்று பாருங்கள். தமிழில் 17, மற்ற இரண்டிலும் 19 என்றால் இரண்டு விளக்கவரி வேறு அடையாளத்தில் ஒளிந்திருக்கிறது, அல்லது உரைப்பெட்டிக்குள் கிடக்கிறது. கைவசம் இருக்கும் கோப்பில் திருத்தத் தடம் (ட்ராக் சேஞ்சஸ்) ஓடிக்கொண்டிருந்தால், திருத்தங்களை ஏற்றுக்கொண்ட பிறகே எண்ணுங்கள். வெட்டிய விளக்கவரியும் அதுவரை எண்ணிக்கையில் நிற்கும்.

உட்சுட்டு முன்னே சொன்னதைக் காட்டுகிறதா, பின்னே வருவதைக் காட்டுகிறதா என்று திசை சொல்லும் சொல் இன்னும் முடியவில்லை. 'முன்சுட்டு', 'பின்சுட்டு' என்று ஆக்கப் பார்த்தேன். 'முன்' என்றால் முன்பு சொன்னதா, முன்னால் வரப்போவதா? தமிழில் இரண்டும்தான். 'மேல்' என்று திரும்பினால் 'மேற்கூறிய' ஒரு பக்கம் இழுக்கிறது, 'இனிமேல்' மறு பக்கம் இழுக்கிறது. நன்னூலார் வினைமுற்றில் வைத்துத் தப்பித்திருக்கிறார்: உரைத்தாம், உரைத்தும். அதே வழியில் 'வந்த உட்சுட்டு', 'வரும் உட்சுட்டு' என்று போட்டு வைத்திருக்கிறேன். பம்பலப்பிட்டி அக்கா பார்த்துச் சொல்லட்டும்.