பலாக் கட்டையில் பலகை போடும்போது செயின்சா கீழே இறங்குகிறது, உதவுங்கள்

ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். 2018 கஜா புயலில் சாய்ந்த பலாவின் அடிமரம் கொட்டகையில் கிடக்கிறது. ஆறடி நீளம், 16 அங்குலக் குறுக்களவு. மேல்வெள்ளையை வண்டு தின்றுவிட்டது, வைரம் மட்டும் கல் மாதிரி இருக்கிறது. அப்பா வைத்த மரம். அதில் ஊஞ்சல் பலகை போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

58 சிசி செயின்சாவின் பாரில் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), மோட்டார் பக்கம் மட்டும் பிடிக்கிற சட்டத்தை வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டியிருக்கிறேன். கட்டைமேல் ஏணியை அறைந்து, அதன்மேல் சட்டத்தை ஓட்டினேன். ஓரடி நேராகப் போனது. அப்புறம் பார் நுனி இறங்க ஆரம்பித்து, இரண்டு அங்குலப் பலகை மறுமுனையில் இரண்டரை ஆகிவிட்டது. தூள் மாவு மாதிரி வருகிறது, புகையும் வருகிறது. செயின் புதிதுதான், இரண்டு தடவைதான் அரம் போட்டேன்.

பதில் 1
தம்பி, தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பலகை அறுக்கும்போது தூள் சன்னமாகத்தான் வரும். புகைதான் கவலை. ஒரு வெள்ளை அட்டைக்கு நேரே பார் நுனியைக் காட்டி மிஷினை முறுக்குங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழாவிட்டால், செயினுக்கு எண்ணெய் வரும் துளை அடைத்திருக்கிறது. துளையையும் பார் பள்ளத்தையும் சுரண்டி எடுங்கள்.

பார் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் செயின் பல். இடப்பக்கப் பற்களையும் வலப்பக்கப் பற்களையும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்
கோடு விழவில்லை அண்ணே! துளையில் தூளும் எண்ணெயும் சேர்ந்து களிமண் போல இறுகியிருந்தது. பல், ஒரு பக்கம் 8 மி.மீ., மறுபக்கம் 6.

பதில் 1
அதேதான். வலது கை பழக்கத்தில் ஒரு பக்கம் அரம் அழுத்திப் போயிருக்கிறது. நீளமான பற்கள் இருக்கும் பக்கத்துக்கே வெட்டு இழுக்கும். எல்லாப் பல்லையும் 6-க்குக் கொண்டுவாருங்கள். பல்லுக்கு முன்னால் உள்ள சின்ன மேடும் பல் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்வாக, எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பதில் 2
மரத்தைக் குறுக்கே துண்டு போடும் சாதாரணச் செயினில் பல் 30 டிகிரி சாய்வில் இருக்கும். பலகைக்கு 10 டிகிரி போதும், பரப்பு வழவழப்பாக வரும். ஒரே நாளில் மாற்றினால் பல் வீணாகிவிடும், ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சட்டம் பாரின் இரு முனையையும் பிடிக்கிற மாதிரி மாற்றிவிடுங்கள். வெட்டு மூடாமலிருக்க, பின்னாலேயே ஆப்பு வைத்துக்கொண்டு போங்கள். 58 சிசிக்கு இது கடினமான வேலை. அவ்வப்போது ஆறவிடுங்கள், காதுக்கும் மூக்குக்கும் மறைப்பு இல்லாமல் தொடாதீர்கள்.

கேட்டவர்
இன்று இரண்டாவது பலகை அறுத்தேன். நான்கு மூலையிலும் இரண்டு அங்குலம், நடுவில் நூலளவு ஏற்றம். உள்ளே அவ்வளவு மஞ்சள்! அம்மா கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். இனி எவ்வளவு நாள் காய வேண்டும்?

பதில் 2
வருடக்கணக்கில் கிடந்த கட்டை, பச்சை மரம் போலச் சுருங்கி வளையாது. ஆனாலும் உள்ளே ஈரம் இருக்கும். இரு முனையிலும் பெயிண்ட் அடித்து, இடையே அங்குலக் கட்டை வைத்து நிழலில் அடுக்குங்கள். மாதம் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு இழைக்கலாம்.