பழைய வீட்டில் மழை ஈரம்: சுவர்ப்பூச்சை உரிக்கச் சொல்கிறார்கள், முதலில் எதைச் சரிசெய்வது?

ஆச்சிவீட்டுப்பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். வீடு பள்ளத்தூர் பக்கம், 1920களில் கட்டியது. வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி நாட்டு ஓடு, முகப்புக்கு மேல் மெட்ராஸ் தளம் (தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மாடித் தளம்). வருடத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். இப்போதைய நிலை இது:

வளவின் வடமேற்கு மூலையில் கூடுவாய் (இரண்டு கூரைச் சரிவு சேரும் இடத்தில் தகடு போட்ட பள்ளம்) ஒழுகுகிறது. அதன் கீழே சுவரில் உத்தரத்திலிருந்து பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. தெருப் பக்க அறைகளில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு உப்புப் பொரிந்து மாவாக உதிர்கிறது. அந்த மூன்றடிக்கு ஏற்கெனவே யாரோ சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அதே அறைகளில் தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல் வெள்ளை பூத்திருக்கிறது, சில கற்களைத் தட்டினால் பொள்ளல் சத்தம். முகப்பு மாடியில் ஒரு தேக்குக் கட்டையின் சுவர்ப்பக்க நுனியில் ஸ்குரூடிரைவர் ஒரு அங்குலம் உள்ளே போகிறது.

ஒப்பந்தக்காரர் சொல்வது: பூச்சு முழுவதையும் உரித்து, வாட்டர்புரூப் கலந்த 1:4 சிமெண்டுப் பூச்சு, மேலே எமல்ஷன்; மாடியில் கூலிங் டைல்ஸ் (வெயில் சூட்டைத் தணிக்கும் ஓடு); தரைக்கு ஆசிட் கழுவி பாலிஷ். பங்காளிகள் ஐப்பசிக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. இது சரியான வழிதானா?

கரணை:

தங்கச்சி, அந்த மதிப்பீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வேறு ஈரம். மேலிருந்து இறங்கும் பழுப்புக் கறை கூரைத் தண்ணீர். கூடுவாயைச் சரிசெய்தால் அது நின்றுவிடும். கீழிருந்து மூன்றடி ஏறி உப்புப் பொரிவது மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சும் தண்ணீர். பூட்டிக் கிடக்கும் வீடு என்பதால் மூன்றாவதாகக் காற்றின் ஈரமும் சேர்ந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க, இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் கோத்தால் காற்றோட்டம் இல்லை. சன்னல்களை வாரம் இரண்டு நாள் திறந்து வைக்க ஒரு ஆள் போட்டாலே அந்தப் பாதி தீரும்.

கீழ் ஈரத்துக்குக் காரணம் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து, வீட்டுத் தரை எவ்வளவு உயரம், தெரு எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுப் பல ஊர்களில் திண்ணைப் படி ஒன்றிரண்டு புதைந்தே போய்விட்டது. அடித்தளக் கல் மண்ணுக்கு வெளியே மூச்சுவிட இருந்த இடம் மூடிப்போனால், தண்ணீர் செங்கல்லில்தான் ஏறும். அடுத்து வளவுச் சலதாரை, அதாவது முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழி. முற்றத்தில் பத்துக் குடம் தண்ணீரைச் சேர்ந்தாற்போல ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே போகாவிட்டால் தாரை அடைத்திருக்கிறது, அல்லது நடுவில் எங்கோ உடைந்து உங்கள் அறைத் தரைக்கு அடியிலேயே விடுகிறது. கட்டியவர்கள் கூரைத் தண்ணீரை வளவில் இறக்கி, தாரை வழியாகத் தெருவுக்கும் ஊருணிக்கும் அனுப்பத்தான் திட்டமிட்டார்கள். அந்தப் பாதையில் ஒரு இடம் அடைத்தாலும் வீடு குடிக்கும்.

வெளிச்சுவரை ஒட்டிய சிமெண்டுத் தளத்தை உடைத்து, ஓரடி அகலம், ஒன்றரையடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, பத்தடிக்கு ஒரு அங்குலமாவது வாட்டம் வைத்துத் தெருச் சாக்கடைக்கோ தோட்டத்துக்கோ தள்ளுங்கள். முதலில் ஒரு இடத்தில் மட்டும் தோண்டி அடித்தளம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே போய்விடக் கூடாது, சுவர் உட்காரும்.

இனி அந்தப் பழைய சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைத் தன் முகத்தாலேயே காயவைத்துக்கொள்ளும். சிமெண்டு அந்த முகத்தை அடைத்ததும் தண்ணீர் வெளியேற வழி தேடி மேலே ஏறும். ஐந்தடிக்குச் சிமெண்டு பூசினால் ஆறாவது அடியில் பொரியும். வாட்டர்புரூப் கலவை சேர்த்தால் இன்னும் வேகமாக ஏறும். ஆகவே அந்தச் சிமெண்டையும், ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரையடி வரை உள்ள பூச்சையும் மட்டும் எடுங்கள். அதற்கு மேல் நல்லபடி இருக்கும் பழைய பூச்சைத் தொடவே கூடாது, அதுபோல் இன்று பூச ஆள் கிடைப்பது அரிது. செங்கல் இடுக்கை அரை அங்குலம் தோண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும்.

உப்பு கனமாக இருந்தால் பழைய நியூஸ்பேப்பரைக் கூழாக்கி ஒரு அங்குலக் கனத்தில் அப்பி, காய்ந்து தானாகக் கழன்றதும் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை. கூழுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு. மழைத்தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர்.

பிறகு காத்திருக்க வேண்டும். கனத்த சுவர் ஒரு பக்கத்திலிருந்து மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் காயும். 18 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம். ஐப்பசிக்குள் முடிக்க முடியாது என்று பங்காளிகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இடைக்காலத்துக்கு மெலிதாக 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணலில் ஒரு பலிப்பூச்சு பூசி, மேலே வெறும் வெள்ளையடித்து விடலாம். மீதி உப்பெல்லாம் அதில் வந்து பொரியும். ஒரு வருடம் கழித்து அதை உரித்து எறிந்துவிட்டு நல்ல பூச்சு.

கைமரம்:

அண்ணன் சுவரைச் சொல்லிவிட்டார், நான் மேலே ஏறுகிறேன். மழைக்கு முன் கட்டாயம் முடிக்க வேண்டியது கூரைதான், பணத்தை முதலில் அங்கே வையுங்கள்.

கூடுவாய் ஒழுகுவதற்கு வழக்கமான காரணம் மூன்று: வேப்பிலை அடைத்துத் தண்ணீர் பக்கவாட்டில் ஏறுவது, தகடு ஓட்டையாவது, ஓடு சரிந்து தகட்டின் விளிம்பு வெளியே தெரிவது. பக்கத்து ஓடுகளை இரண்டு மூன்று வரிசை எடுத்தால்தான் எது என்று தெரியும். ஓட்டுக்கு மேலிருந்தே சிமெண்டு அப்புவது பெரிய கெடுதல். ஓடு வெயிலில் விரியும், சிமெண்டு வெடிக்கும், வெடிப்பில் ஏறிய தண்ணீர் காயாமல், ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் நிற்கும்.

பழையது செம்புத் தகடாக இருந்தால் செம்பிலேயே மாற்றுங்கள். ஒரு துண்டை மட்டும் மலிவாக ஜி.ஐ. தகட்டில் ஒட்டுப் போட வேண்டாம். செம்பின் மேல் ஓடி வரும் தண்ணீர் கீழே உள்ள துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். செம்புத் தகட்டுக்குச் செம்பு ஆணிதான், அதுவும் விளிம்பில் மட்டும். தண்ணீர் ஓடும் நடுவில் ஒரு துளைகூடக் கூடாது. தகடு விரித்த அகலம் இரண்டடி. மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஆறு அங்குலம் ஏற வேண்டும். இருபுறமும் ஓடு நாலு அங்குலம் தகட்டின் மேல் தொங்கி, நடுவில் ஐந்து அங்குலமாவது திறந்த வழி இருக்கட்டும். அது குறுகினால் ஒரே வேப்பங்குச்சியில் அடைத்துக்கொள்ளும்.

தேக்குக் கட்டை: நுனி மட்டும் போயிருந்தால் முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் முதலில் இருபுறமும் உள்ள கட்டைகளையும் சேர்த்துக் கீழே ஜாக்கி முட்டுக் கொடுங்கள், பலகை வைத்து, பாரம் தரையில் பரவும்படி. முட்டு இல்லாமல் யாரும் அந்த நுனியைத் தொடக் கூடாது. ஸ்குரூடிரைவரால் நுனியிலிருந்து ஆறு அங்குலத்துக்கு ஒரு இடமாகக் குத்திக்கொண்டே வந்து, கெட்டியான மரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு போடுங்கள். அதற்கும் ஓரடி உள்ளே தள்ளி வெட்டி, இடித்த வீட்டுப் பர்மாத் தேக்கில் புதுநுனி சேர்த்து, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்குவது. பட்டையின் கனம், போல்ட்டின் எண்ணிக்கை இவற்றை ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும், ஊகம் வேண்டாம். சுவர்ப் பொந்தில் திரும்ப உட்கார வைக்கும்போது நுனியைச் சாந்தால் மூடாதீர்கள். பக்கமும் மேலும் முனையும் ஒரு அங்குலம் காற்று இருக்க வேண்டும். சாந்துக்குள் மூடிக் கிடந்ததால்தான் இது இற்றுப்போனது. மரத்தின் ஈரம் மீட்டரில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை காளான் வளரும். பதினைந்து பதினாறுக்கு வந்த பிறகுதான் எண்ணெய், வார்னிஷ் எல்லாம்.

கூலிங் டைல்ஸுக்குச் சம்மதிக்கவே வேண்டாம். ஓடும் அதன் அடிச்சாந்தும் சேர்ந்து சதுர அடிக்கு ஏழெட்டுக் கிலோ கூடும். பத்துக்குப் பத்து அறைக்கு முக்கால் டன். நுனி இற்றுப்போன கட்டைகள் தாங்க வேண்டும் அதை! மெட்ராஸ் தளத்தில் புதிய அடுக்கு ஏற்றுவதில்லை. கெட்ட அடுக்கைக் கழித்துவிட்டு அதே கனத்துக்குத் திரும்பப் போடுவதுதான் முறை. மேலே உள்ள தட்டோட்டை (தட்டையான சுட்ட ஓடு) தட்டிப் பொள்ளல் உள்ள பகுதியை மட்டும் எடுங்கள். கீழே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு கெட்டியாக இருந்தால் இடுக்குகளைச் சுண்ணாம்பால் நிரப்பினாலே போதும். ஜல்லியும் உதிர்ந்திருந்தால் பொதுப்பணித்துறைக் கணக்குதான்: 32 கன அடி செங்கல் ஜல்லிக்கு 12.5 கன அடி நீர்த்த சுண்ணாம்பு, மணல் கிடையாது. மூன்று அங்குலக் கனம், ஐந்தடிக்கு ஒரு அங்குல வாட்டம். கட்டையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கட்டை துள்ளும் வரை. அடிக்கும்போது கடுக்காய், கருப்பட்டி ஊறவைத்த தண்ணீர் தெளிப்பார்கள். அளவு மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும். 100 லிட்டருக்கு இரண்டிரண்டு கிலோ போட்டு மூன்று நாள் ஊறவைத்தால் தவறில்லை.

எட்டங்குலக்கல்:

தரைக்கு ஆசிட் என்று சொன்னவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, சிமெண்டில் கலந்த வண்ணத்தை ஊற்றி, அதன் பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது. பூ இருப்பது மேலே சில மில்லிமீட்டர்தான். ஆசிட் அந்தச் சிமெண்டைத் தின்னும், பாலிஷ் மிஷின் மீதியைத் தேய்த்துவிடும், பிறகு பூ போயே போச்சு.

வெள்ளை பூத்தால் அடியில் ஈரம் இருக்கிறது என்று பொருள். உலர்ந்த நார்ப் பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்குங்கள். மறுபடி பூத்தால் மறுபடி பெருக்குங்கள். கரணை அண்ணே சொன்ன வாய்க்காலும் தாரையும் சரியானால் பூப்பது குறைந்துகொண்டே வரும். அதுவரை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பதை நிறுத்தி வையுங்கள். எண்ணெய் துளையை அடைத்தால் உப்பு கல்லுக்குள்ளேயே படிந்து மேல்தோலைப் பொருக்காகக் கிளப்பும். சீலர் என்று விற்பதும் இந்த விஷயத்தில் அதே வேலையைத்தான் செய்யும்.

பொள்ளல் கற்களைச் சாக்பீஸால் எண் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, இடுக்கை மெல்லிய ரம்பத்தால் அறுத்த பிறகு நெம்புங்கள். உளியை நேராக அடித்தால் பக்கத்துக் கல்லின் மூலை போகும். அடிச்சாந்தைச் சுண்ணாம்பிலேயே போடுங்கள். உடைந்தவற்றுக்குப் புதுக்கல் சொல்வதற்கு முன் பழையதை நாலு பக்கமும் அளந்து, முடிந்தால் ஒரு கல்லையே கையில் எடுத்துப் போங்கள். எட்டங்குலம் என்று வாயால் சொன்னால் ஒரு நூல் வித்தியாசத்தில் வரும், வரிசை கோணும்.

ஆச்சிவீட்டுப்பேத்தி:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். கீழ்ச்சுவருக்கு முட்டைப் பூச்சே திரும்பப் பூசிவிடலாமா? சுண்ணாம்புக்கு ஆற்று மணல் கிடைக்கவில்லை, எம்சாண்ட் ஆகுமா?

கரணை:

இப்போது வேண்டாம். வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பை மழமழவென்று தேய்க்கும்போது முகத்துத் துளை அடைபடும். காய்ந்த சுவருக்கு அது அழகு. ஈரச்சுவரில் ஒரே மழையில் தகடு தகடாகக் கழன்று வரும், ஆயிரக்கணக்கில் முட்டை வீண். பலிப்பூச்சு ஒரு முழு மழைக்காலம் பொரியாமல் நிற்கட்டும், பிறகு பார்க்கலாம்.

எம்சாண்டை அலசித் தூசு போக்கினால் ஆகும். கையில் எடுத்து நசுக்கினால் உள்ளங்கையில் மாவு ஒட்டக் கூடாது. சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீர்த்தால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. பதினைந்து நாளாவது நீரில் மூழ்கி ஊறட்டும். ஊறாத குருணை இருந்தால் சுவரில் போன பிறகு வீங்கி, காசு காசாகத் தெறித்து விழும். சித்திரை வெயிலில் பூசுவதானால் நாளைக்கு மூன்று முறை சாக்கு நனைத்துத் தொங்கவிட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஆவணி வரை தள்ளிப் போடுங்கள்.

கைமரம்:

முட்டுக்கு ஜாக்கி வாடகைக்கு எடுக்கும்போது அதன் அடித்தட்டின் கீழ் இரண்டு அங்குலப் பலகை கட்டாயம் போடுங்கள். வெறும் ஆத்தங்குடிக் கல்லின் மேல் நிறுத்தினால் மேலே கட்டை பிழைக்கும், கீழே கல் நொறுங்கும்.