வட்டுச் சேவைச் செயல்முறை கிராஷ் ஆனால் கெஸ்ட் டிரைவரை நம்பகமாக மீட்பது எப்படி?

கேள்வி

லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் மீது இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்கான (கெஸ்டுகளுக்கான) வட்டுச் சேவையை, சாதனத்தைத் தனி நிரல் கையாளும் விஹோஸ்ட்-யூசர் முறையில், தனிச் செயல்முறையாக எழுதி வருகிறேன். அது கிராஷ் ஆனால் கண்காணிப்பு நிரல் உடனே மறுபடி தொடங்குகிறது. மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் நிரலான க்யூஎமுவும் சாக்கெட்டில் மீண்டும் இணைந்துகொள்கிறது. ஆயினும் அந்தக் கணத்தில் பாதியில் நின்ற கோரிக்கைகள் சிலவற்றுக்குப் பதில் வருவதே இல்லை. அவற்றுக்காகக் காத்திருக்கும் கெஸ்ட் நிரல்கள் அப்படியே உறைந்துவிடுகின்றன. சாதனத்தை ரீசெட் செய்யும்படி கெஸ்டுக்குத் தெரிவிப்பதா, அல்லது கெஸ்ட் அறியாமலே மீட்பதா?

பதில் 1

கெஸ்டின் டிரைவரும் மெய்நிகர் சாதனமும் பேசிக்கொள்ளும் தரமான விர்ட்டியோவின் நிலைப் பதிவேட்டில் 64 என்ற மதிப்புள்ள பிட், சாதனம் தானாக மீள முடியாத நிலையில் இருப்பதாகவும் ரீசெட் தேவை என்றும் டிரைவருக்கு அறிவிக்கிறது. ஆனால் அந்த பிட் எழுந்தபின், நிலுவையில் உள்ள கோரிக்கைகள் முடிந்தன என்றோ முடியவில்லை என்றோ டிரைவர் கருதக்கூடாது என விவரக்குறிப்பு தெளிவாகக் கூறுகிறது. ஆகவே மீட்புப் பொறுப்பு முழுவதும் கெஸ்டின் மீது விழுகிறது; எந்தக் கெஸ்டில் எந்த டிரைவர் அதைச் சரியாகச் செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. கெஸ்ட் அறியாத மீட்பையே நான் பரிந்துரைப்பேன்.

அதற்குத் தேவையானது, நிலுவைக் கோரிக்கைகளின் பதிவு உங்கள் செயல்முறை இறந்த பிறகும் உயிரோடிருப்பது. கோரிக்கைகள் வந்த வரிசையில் முடிவதில்லை என்பதால், முடிந்த கோரிக்கைகளைக் கெஸ்டுக்குத் தெரிவிக்கும் 'யூஸ்டு' வளையத்தின் எண்ணை மட்டும் பார்த்து எவை மிச்சம் என்று சொல்ல முடியாது. விஹோஸ்ட்-யூசர் நெறிமுறையில் இதற்கெனவே ஒரு பகிர்வு நினைவகப் பகுதி உண்டு: உங்கள் செயல்முறை அதை உருவாக்குகிறது, க்யூஎமு வைத்திருந்து மறுஇணைப்பின்போது திருப்பித் தருகிறது. ஒவ்வொரு கோரிக்கையையும் எடுத்தவுடன் அதில் குறித்து, வந்த வரிசையைக் காட்டும் எண்ணையும் எழுதுங்கள். புதிய செயல்முறை நிலுவையில் உள்ளவற்றைச் சேமிப்பகத்துக்கு மறுபடி அனுப்பும்போது அந்த வரிசையே வேண்டும்.

பதில் 2

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் மறுபடி அனுப்புவதிலேயே இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது, இறந்த செயல்முறை ஏற்கெனவே அனுப்பிவிட்ட, தரவை எழுதும் கோரிக்கைகள். சேமிப்பகம் வலைவழி இருந்தால், அவை வழியில் தங்கியிருந்து, புதிய செயல்முறை அதே செக்டாரில் பிந்தைய தரவை எழுதி முடித்த பிறகு வந்து சேரலாம். பழைய தரவு புதியதை அழித்துவிடும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. எனவே பழைய இணைப்பைச் சேமிப்பகத்தின் பக்கத்திலேயே துண்டித்த பிறகுதான் தொடங்க வேண்டும். செஃப் என்ற வலைவழிச் சேமிப்பக அமைப்பில் பழைய கிளையன்ட்டைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதும், ஸ்கஸி என்ற வட்டு நெறிமுறையில் நிலைத்த முன்பதிவை (யார் எழுதலாம் என்பதை வட்டே கட்டுப்படுத்தும் வசதியை) பயன்படுத்துவதும் இதற்காகவே.

இரண்டாவது ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. கிராஷுக்குக் காரணமே அந்தக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தால், அதை மறுபடி அனுப்பியதும் செயல்முறை மறுபடி விழும். கண்காணிப்பு நிரல் முடிவின்றி எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கோரிக்கையும் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதை, நெறிமுறையின் அமைப்பைத் தொடாமல், தனியான ஒரு பகிர்வு நினைவகத்தில் எழுதி வையுங்கள். எல்லை தாண்டினால் அந்த ஒன்றுக்கு மட்டும் உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழையைப் பதிலாகக் கொடுங்கள். கெஸ்டின் கோப்பு முறைமைக்கு அந்தப் பிழையைக் கையாளத் தெரியும். முடிவில்லாக் காத்திருப்பை அதனால் கையாள முடியாது.

கேட்டவர்

மிக்க நன்றி. என் சேமிப்பகம் வலைவழி உள்ளதுதான். பழைய இணைப்பைத் துண்டிக்கும் படிநிலை என் வடிவமைப்பில் இல்லை, அதையே முதலில் சேர்க்கிறேன். இதைச் சோதிக்க, செயல்முறையை இடையிடையே சிக்கில் (SIGKILL, செயல்முறையை உடனே நிறுத்தும் சமிக்ஞை) கொண்டு கொன்றால் போதுமா?

பதில் 3

போதாது. யூஸ்டு வளையத்தின் எண்ணை உயர்த்துவதற்கும் நிலுவைக் குறியை நீக்குவதற்கும் இடையில் உள்ள குறுகிய இடைவெளியில் சாவு நேர்வதைத் தற்செயலுக்கு விடக்கூடாது. அங்கே நிறுத்துப்புள்ளி வைத்துக் கொல்லுங்கள். அங்கு பிழை இருந்தால், முடிந்துவிட்ட கோரிக்கைக்கே இரண்டாம் முறை பதில் போகும். கெஸ்ட் அதற்குள் அந்தக் கோரிக்கைக்கான நினைவகத்தை வேறு வேலைக்கு எடுத்திருக்கக்கூடும்.

மேலும், சிக்கில் நினைவகத்தைச் சிதைப்பதில்லை. உண்மையான கிராஷ் சிதைத்திருக்கலாம். பகிர்வுப் பகுதியில் வேண்டுமென்றே தவறான எண்களை எழுதி, புதிய செயல்முறை அவற்றை நம்பாமல் எல்லைகளைச் சரிபார்க்கிறதா என்றும் பாருங்கள்.